பந்தி நின்ற பகல்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களுக்குச் சமைத்துப் போடும் செந்தில்குமார், வேலைக்கு வருகிறவர்களின் போனையெல்லாம் காலையிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார். பந்தி முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பரிமாறுகிற நேபாளத்து இளைஞன் சமீரோ, காய் நறுக்குகிற அம்சம் அக்காவோ, வேறு யாருமோ அதை எதிர்த்துப் பேசியதில்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள், சாம்பார் வாளியோடு சமையற்கட்டுக்குள் வந்த சமீர் அப்படியே நின்றுவிட்டான். ஆபீஸ் அறை டீவியில் காத்மாண்டு புகைந்துகொண்டிருந்தது.

"அக்கா, என் தங்கச்சி அந்தக் கூட்டத்துல இருக்கா. நேத்து அங்க போலீஸ் சுட்டுருக்காங்க. ராத்திரி எத்தனையோ தடவ அடிச்சேன், எடுக்கல."

"அங்க ஏன்டா போனா?" என்று கேட்டாள் அம்சம்.

"போன்ல யாரும் எதுவும் போடக் கூடாதுன்னு கவர்மென்ட் சோசியல் மீடியாவையே நிறுத்திட்டாங்க. டாக்காவுல பசங்க பிரதமரையே ஓட வச்சாங்கள்ல, நம்மளால ஆகாதான்னு கேட்டா. டாக்காக்காரங்க கொழும்பப் பார்த்துதான் செஞ்சாங்களாம்."

கொழும்பு அம்சத்துக்கும் தெரியும். பிரதமர் வீட்டுத் தோட்டத்தில் சனங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்ததை டீவியில் பார்த்திருந்தாள். கிண்டிக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தில் துளி பயம் இல்லை. அது அவளுக்கு மறக்கவே இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு செந்தில்குமாரிடம் போனாள்.

"மொதலாளி, சமீர் போனக் கொடுங்க. தங்கச்சி உசுரோட இருக்காளான்னு கேட்டுக்கட்டும்."

"பந்தி முடியட்டும். ஒருத்தனுக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பீங்க."

"நாளைக்கு என்ன, இப்பவே கேக்குறோம். எல்லார் போனையும் கொடுங்க."

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வந்து, பாயசம் கொதித்த அடுப்பை அணைத்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் எழுந்து அடுத்த அடுப்பை அணைத்தாள். வாளிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. வெளியே இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ரசம் கேட்கத் தொடங்கினார்கள்.

"மானத்த வாங்குறீங்களே!" என்று கத்தினார் செந்தில்குமார்.

"வந்தவங்களக் காக்க வைக்க எங்களுக்கும் மனசில்ல. சாவி உங்ககிட்டதான இருக்கு?" என்றாள் அம்சம்.

சாவியை அவர் விட்டெறிந்தார்.

நெடுநேரம் மணியடித்த பிறகு தங்கை எடுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாளாம், காலில் கட்டாம். சமீர் உடைந்து அழுதான். இங்கே நடந்ததை அவன் சொன்னதும் அவள் ஏதோ கேட்டாள்.

"எங்களப் பார்த்துதான் செஞ்சீங்களான்னு கேக்குறா, அக்கா."

"ஒனக்காகத்தான்டா செஞ்சேன். ஆனா பார்த்ததும் ஒதவுச்சுன்னு சொல்லு."

சாயங்காலம் செந்தில்குமார் அம்சத்தை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மறுநாள் கல்யாணத்துக்கு ஒருத்தரும் வேலைக்கு வரவில்லை. வெயில் ஏறுவதற்குள் அவரே அம்சம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் போனைக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்துத் தெரு மண்டபத்தில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் அம்சத்தைத் தேடி வந்தார்கள்.

"மொதல்ல என்னக்கா செஞ்சீங்க?"

"மொதல்ல பயந்தேன்டி," என்றாள் அம்சம். "பயந்துகிட்டேதான் அடுப்ப அணைச்சேன்."