கை வைக்கவில்லை

புத்தகம் வெளிவந்து ஆறாவது வாரம், அண்ணன் சாமியாராக இருந்த பங்குக் கோயிலிலிருந்து சமையல்காரர் புரொபசருக்குப் போன் செய்தார்.

"சார், ஃபாதர் பூசை வைக்கறதில்ல. பதினேழு நாளாச்சு. ஆயர் வீட்டுலேருந்து வேற சாமியாரை அனுப்பறாங்க, அவர் வைக்கற பூசையிலயும் இவர் நன்மை அப்பம் வாங்கறதில்ல. பாவசங்கீர்த்தனம்னு பாவத்தைச் சொல்ல வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடறார். கேட்டா, 'நான் சாமியாரே இல்லப்பா'ங்கறார். உங்க புத்தகத்தைத்தான் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

புரொபசர் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வீட்டில் பால் போடுபவர்கூட 'புரொபசர்' என்றுதான் சொல்வார். அந்தப் பட்டம் அன்றைக்கு மட்டும் கேலி மாதிரி உறைத்தது.

புத்தகத்தின் சங்கதி இதுதான். திருத்தூதர்கள் ஒருவர் தலையில் கை வைத்து ஆயராக, அதாவது பிஷப்பாக, ஆக்கினார்கள், அவர் இன்னொருவர் தலையில் வைத்தார், இப்படியே கை மாறி, தலை மாறி, நடுவில் எங்கும் அறுபடாமல் இன்றைய சாமியார் வரை அந்த அதிகாரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது சபையின் நம்பிக்கை. நடுவில் ஒரு கை விட்டுப்போனால், அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அங்கி போட்ட வெறும் ஆசாமிகள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மறைமாவட்டத்தின் இரண்டாவது ஆயர் தலையில் யாரும் கை வைக்கவே இல்லை என்று புரொபசர் நிரூபித்திருந்தார்.

பதிவேடு வெள்ளத்தில் போயிருந்தது. மிஞ்சிய ஒரே சாட்சி ஒரு கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது அவர் வேலை. அரைகுறை எழுத்தில் ஒரு குறிப்பு நோட்டு வைத்திருந்தார். புது ஆயர் பட்டம் பெற்ற நாளில் அவர் எழுதியது ஒரே வரி: 'இன்று பெரிய சாமி கை வைக்கவில்லை.' பெரிய சாமி என்றால் பழைய ஆயர். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் வேறு ஆயர் கிடையாது, அவர் கை வைத்தால்தான் உண்டு. அந்த ஒரு வரியின்மேல் முந்நூறு பக்கம் எழுப்பியிருந்தார் புரொபசர்.

ஆயர் இல்லம் அட்டையைக்கூடப் புரட்டாமல் 'ஆதாரமற்றது' என்று அறிக்கை விட்டது. பல்கலைக்கழகத்துச் சகாக்கள் நோட்டைக் கண்ணால் பார்க்காமலே கைதட்டினார்கள். இரண்டு கட்சிக்கும் விடை முன்கூட்டியே தெரிந்திருந்தது, புத்தகம் எதற்கு? வரிக்கு வரி படித்து நம்பியவர் ஒரே ஒருவர்தான். 'என் தம்பி இல்லாததை எழுத மாட்டான்' என்று சொல்லிக்கொண்டு திரிந்த அண்ணன்.

போனை வைத்துவிட்டுப் புரொபசர் ஆவணக் காப்பகத்துக்குப் போனார். காலைப் பதினொரு மணி, ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நோட்டைக் கேட்டு வாங்கி, யாரும் சொல்லாமலே பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார்.

'இன்றும் பெரிய சாமி கை வைத்தார். இடது காது கேட்கவில்லை.'

அவ்வளவுதான். கோபக்கார ஆயர். அடி வாங்கிய கோயில்பிள்ளை. பட்டம் கொடுத்த நாளில் தனக்கு அடி விழவில்லை என்று நிம்மதியாக ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார், பாவம். நம் மொழியில் ஆசீர்வாதத்துக்கும் கை வைப்பதுதான், அறைவதற்கும் கை வைப்பதுதான். யார்மேல் என்று எழுதாமல் விட்டது அவர் குற்றமில்லை. காதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறவன் ஆராய்ச்சிக்காரர்களை நினைத்தா எழுதுவான்?

இந்தப் பக்கத்தைப் புரொபசர் முதல் நாளே பார்த்திருந்தார். அடிக்குறிப்பாகக்கூட எழுதி, பிறகு அடித்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று படிக்காதவர்களுக்குத்தான் தெரியாது.

ஏன் செய்தார்? அண்ணன் பட்டம் வாங்கிய அன்று இவருக்கு ஒன்பது வயது. ஆயர் அண்ணன் தலையில் கை வைத்து எடுத்த பிறகு, அம்மா, தான் பெற்ற மகன் முன்னால் முழங்காலில் நின்று, "ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றாள். அதன்பின் அவள் சாகும்வரை அண்ணனை 'டா' போட்டுக் கூப்பிடவில்லை. ஒரு கை அம்மாவையும் அண்ணனையும் ஒரே நிமிஷத்தில் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கை பொய் என்று காட்ட அவருக்கு முப்பது வருஷப் படிப்பு தேவைப்பட்டது.

பக்கத்தை நகலெடுக்கக் குனிந்தபோது இடப்பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. மெழுகு வாசனை. நிமிரவில்லை, நிமிரப் பயம். நின்றவர் சண்டைக்கு வரவில்லை, நியாயம் கேட்கவில்லை. முகத்தைச் சற்றே திருப்பி, கேட்கிற வலது காதை நீட்டி, தன் வரியை இவர் எப்படிப் படிக்கப்போகிறார் என்று காத்திருந்தார். வாய்விட்டுப் படிக்கப் புரொபசரால் முடியவில்லை. அண்ணனைப் பார்க்கப் போன பேருந்திலும் அந்த வாசனை கூடவே வந்தது.

அண்ணன் நாற்காலியில் அங்கியில்லாமல், சட்டை வேட்டியில் இருந்தார். நகலை இரண்டு முறை படித்தார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"அப்போ அந்த வரிக்கு அடிக்கலைன்னு அர்த்தமாடா?"

"ஆமாண்ணே."

"அப்போ பெரிய சாமி புது ஆயர் தலையில கை வச்சிருக்கார்!"

"வச்சிருப்பார். வைக்கலைன்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்ல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "அம்மாவுக்குக் கடைசி மன்னிப்பு நான்தான் குடுத்தேன். பதினேழு நாளா அது ஒண்ணுதான்டா... போய்ச் சேந்துச்சா இல்லையான்னு." பிறகு சாதாரணமாகக் கேட்டார், "இந்தப் பக்கம் எப்போ கிடைச்சுது?"

இன்றைக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலை அண்ணன் பூசை வைத்துவிடுவார். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பக்கத்தில் ஒருவர் காதை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மூணு வருஷமா தெரியும். எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

அண்ணன் நகலை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு வேணும்னே இல்லன்னு படிச்ச. இன்னிக்கு எனக்காக ஆமான்னு படிக்கற. நான் எந்தத் தம்பியை நம்பறது, சொல்லு?"

"இது நிஜம்ணே."

"அதுவும் நிஜம்னுதான் அச்சடிச்ச."

புரொபசர் தன்னையறியாமல் தரையில் மண்டியிட்டிருந்தார். "மன்னிச்சுடுண்ணே. தப்புப் பண்ணிட்டேன்."

"அண்ணனா எப்பவோ மன்னிச்சுட்டேன், எந்திரி."

அவர் எழவில்லை. எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் உயர்ந்த பழக்கத்தில் அண்ணனின் வலது கை தானாக எழுந்தது. எதையும் நம்பாத தம்பி தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்து, அந்தக் கைக்காகக் காத்திருந்தார். அது பாதியில் நின்றது.

"அந்த அதிகாரம் என்கிட்ட இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியலடா," என்று சொல்லி, அண்ணன் கையை மடிக்குத் திருப்பிக்கொண்டார்.