மாதா வேஷம்

பெரிய வெள்ளியன்று எங்கள் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கா நாடகமாகப் போடுவோம். ராயபுரமே வந்து அழுதுவிட்டுப் போகும். ஜெரால்ட் சார் இயக்குநராக வந்த பிறகுதான் அந்த அழுகைக்கு ஒரு பெயர் உண்டு என்று எங்களுக்குத் தெரிந்தது.

அவர் கல்லூரியில் நாடக இலக்கியம் நடத்துகிறவர். ஒத்திகைக்கு வந்தாலே கரும்பலகையில் தனிமொழி, புறமொழி, நாடக முரண், உச்சம் என்று எழுதுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த பிலாத்து வேஷக்காரன் கொட்டாவி விடுவான். எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாக ‘கதார்சிஸ்’. பார்க்கிறவன் அழுது மனசைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமாம். யாருடைய கண்ணீரில் கழுவுவது என்று மட்டும் எழுத மாட்டார். நான் மெர்லின், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள். நடந்ததெல்லாம் என் காதில் விழுந்தது.

இந்த வருஷம் மாதா வேஷத்துக்கு அவர் பிடித்தது ஜானட் அக்காவை. காசிமேட்டில் மீன் விற்கிறவள், மேடையே ஏறாதவள். ஐப்பசியில் அவள் மகன் ஜெரி முகத்துவாரக்குப்பத்துக்கு வெளியே படகு கவிழ்ந்து போனான். உடல் கரைக்கு வரவே இல்லை. உடல் இல்லாமலே பூசை வைத்தோம்.

“ஏன் சார் அவங்க?” என்று கேட்டேன்.

“மத்தவங்க நடிக்கணும் மெர்லின். இவங்க நடிக்கவே வேணாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வழக்கப்படி மாதாவாக நடிப்பவள் தவக்காலம் நாற்பது நாளும் செருப்புப் போடக் கூடாது. ஜானட் அக்கா கொதிக்கிற ரோட்டில் மீன் கூடையோடு வெறுங்காலில் நடந்தாள். ஆனால் ஒத்திகையில் ஒரு சொட்டு அழவில்லை. சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவாக ஸ்டானிஸ்லாஸை மடியில் கிடத்தியதும் கூச்சத்தில் சிரித்தாள். ஜெரால்ட் சார் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“அக்கா, கடைசியா ஜெரி இன்னா சொல்லிட்டுப் போனான்?”

சிரிப்பு நின்றது. “கொழம்பு எட்த்து வைம்மான்னான்.”

“அத நெனச்சிகினு பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பெரிய வெள்ளி சாயங்காலம் கூட்டம் ரோடு வரை நின்றது. கடல் காற்றில் வெற்றுடம்போடு தொங்கிய ஸ்டானிஸ்லாஸை இறக்கி அவள் மடியில் போட்டார்கள். மாதாவின் தனிமொழி அங்கேதான். முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். அவள் காதில் விழவில்லை. அவன் காது மடலைத் தடவினாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். “இன்னாடா, இப்டி சில்லுனு கீற” என்று முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். அப்புறம் வாய்விட்டுக் கதறினாள். ஸ்டானிஸ்லாஸே தான் செத்துக் கிடப்பதை மறந்து அழுதான். ஜனம் மாரில் அடித்துக்கொண்டது. ஓரத்தில் ஜெரால்ட் சார் பிரியாணி வாசனை பிடித்தவர் மாதிரி கண்ணை மூடி நின்றார். அவரை அறையலாம் போலிருந்தது.

வேஷம் கலைத்ததும் ஜானட் அக்கா நேராக அவரிடம் வந்தாள்.

“சார், வர்ற வருசமும் எனக்கே குடு சார். அவன மடில போட்டு அழக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. கடலு குடுக்கல. நீதான் குடுத்த.”

“பிரமாதமா பண்ணீங்கக்கா. ஆனா இன்னொரு தபா இது வராது. அழுது தீத்துட்டீங்க. அடுத்த வருசத்துக்கு மாத்தூர்ல ஒரு அம்மா கீறாங்க, போன மாசம்தான் புள்ள லாரில அடிபட்டுச்சி. ஆஸ்பத்திரில பாடி வாங்கி அடக்கம் பண்ற வரைக்கும் அவங்க அழவே இல்லியாம்.”

ஜானட் அக்கா அவர் முகத்தையே பார்த்தாள்.

“அவங்களுக்குப் புள்ள கெடச்சிதுல்ல சார்” என்றாள்.

அவர் மைக்கைக் கழற்றச் சொல்லி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போய்விட்டார்.