ஐந்து நட்சத்திரப் பிழை

எங்கள் கிளிநொச்சிக் கணினி நிலையத்தில் யாராவது ஒருவர் ஒரு சிறு மென்பொருள் கூறு எழுதினால், அதை சீடியில் பதிந்து மற்ற நிலையங்களுக்கு பஸ்ஸில் அனுப்புவோம். பயன்படுத்தியவர்கள் கருத்து எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அவற்றைத் தொகுப்பது என் வேலை. எல்லாக் கூறுகளுக்கும் ஐந்து நட்சத்திரம். சமாதான காலம் என்பதால் இருக்கலாம். அந்த சீடிகளை உண்மையாகப் பரிசோதித்த ஒரே இடம், வவுனியா போகும் வழியில் இருந்த ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடி.

எங்கள் நிலையத்து அனோஜன் எழுதிய திகதிக் கூறுக்கும் ஐந்துதான். குழந்தைகளுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்று அது கணக்கிட்டு அட்டை அச்சிடும். முல்லைத்தீவு கிளினிக்கில் வேலை செய்யும் றிம்ஸியா அக்கா கருத்துகளைப் படித்துவிட்டு அதை நம்பி எடுத்தா. இடம்பெயர்ந்து பல வருடம் இருந்த புத்தளத்திலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தா. ஊசிமருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கிய நாளில் பாதித் தாய்மாரைக் காணவில்லை.

"எல்லாரும் நல்லமெண்டுதானே எழுதியிருக்கிறாங்க, தங்கச்சி. பிறகேன் பிள்ளையளக் காணயில்ல?" என்று தொலைபேசியில் கேட்டா.

பார்த்தேன். அந்தக் கூறு நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்தது. மார்ச் ஐந்தாம் திகதி ஊசி போட்ட குழந்தைக்கு மே மூன்றாம் திகதி போட்டதாக எண்ணி, அடுத்த ஊசிக்கு இரண்டு மாதம் பிந்தி வரச் சொன்னது. பன்னிரண்டாம் திகதிக்குப் பிறகு, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால், மாற்ற வழியின்றி ஒழுங்காக வேலை செய்தது. இது எல்லா நிலையங்களுக்கும் முன்பே தெரியும். பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசிக்கொள்வார்களாம். றிம்ஸியா அக்கா அந்தத் தரிப்பில் நிற்பவ அல்ல.

ஜெயபுரம் நிலையத்துப் பத்மாசனி அக்காவிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"பெடியன் கஷ்டப்பட்டுச் செய்தவன். அவன்ர தாயை நான் கோயில்ல காணுறனான். எழுத்தில போட்டுட்டு எந்த முகத்தோட கதைக்கிறது?"

கருத்துகளில் எழுதியவரின் பெயரை நீக்கினேன். அது பெரிய முன்னேற்றம். யாரோ எழுதும் குறை தன் தலையில் விழுமோ என்று பயந்து எல்லோரும் இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள். பொறுப்பாளர் செல்வநாயகம் சேர் நட்சத்திரங்களைப் பத்தாக்கச் சொன்னார். எல்லோரும் பத்துப் போட்டார்கள்.

அடுத்த கிளினிக் நாள் நெருங்கியது. எனக்கு யாரிடமும் வாதாட வராது. நட்சத்திரங்களை அழித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: இந்தக் கூறு வேலையை முடித்த பிறகு நீங்கள் கையால் என்ன செய்கிறீர்கள்?

குறை சொல்ல வெட்கப்பட்டவர்கள் தங்கள் கெட்டித்தனத்தைச் சொல்ல வெட்கப்படவில்லை. நாளையும் மாதத்தையும் தானே மாற்றிக் கொடுத்து மென்பொருளையே ஏமாற்றும் விதத்தைப் பத்மாசனி அக்கா ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தா. கனகராயன்குளத்து முத்துலிங்கம் அண்ணை மாதத் தொடக்கத்தில் கணினியைத் தொடுவதே இல்லையாம். அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தார்.

அனோஜன் எல்லாவற்றையும் படித்தான். மனம் உடைவான் என்று பயந்தேன். "இவ்வளவு பேர் பாவிக்கினமோ?" என்று மகிழ்ந்தான். அன்றே திருத்தினான். சீடி முல்லைத்தீவு பஸ்ஸில் போனது. றிம்ஸியா அக்கா அட்டைகளை மறுபடி அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தா.

அடுத்த பதில்கள் வந்தபோது செல்வநாயகம் சேர் நன்கொடை நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். பத்மாசனி அக்கா தன் முறை இப்போது பலிக்கவில்லை, பழைய கூறே வேண்டும் என்று கேட்டிருந்தா. முல்லைத்தீவிலிருந்து ஒரே வரி: "கையால் ஒன்றும் செய்வதில்லை. எல்லாப் பிள்ளைகளும் வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள்."

சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மற்ற ஆக்கள் பக்கம் பக்கமா எழுதியிருக்கினம். இவ ஒரு வரிதான். ஆர்வம் குறைவு போல."

ஆர்வம் குறைந்த நிலையம் என்ற தலைப்பின் கீழ் முல்லைத்தீவைச் சேர்த்தார்.