ஞாயிற்றுக்கிழமை மூச்சு

கமர்நிசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு இழுக்காது. மற்ற ஆறு நாளும் விடியும்போதே நெஞ்சுக்குள் விசில் தொடங்கிவிடும். ஏன் என்று அவள் கணவர் ராஜா முகம்மதுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஜீப்பு மெக்கானிக். ஓர் எஞ்சின் வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒழுங்காக ஓடினால், அந்த ஒரு நாளில் என்ன மாறுகிறது என்றுதான் பார்ப்பார். இங்கே மாறுவது ஒன்றும் தட்டுப்படவில்லை.

டாக்டர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "என்னம்மா வேலை பாக்குறீங்க?"

போடியில் விஜயகுமாரின் ஏலக்காய்க் கடையில் பருமன் பார்த்துத் தரம் பிரித்துக் காய் பொறுக்குகிறாள், பதினாறு வருடமாக. ஞாயிறு கடை லீவு. தூசிதான் காரணம், வேலையை விடுங்கள் என்று சொல்லி, இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். விஜயகுமாரும் பயந்துபோனார். "இந்த மாசம் பாப்போம்க்கா. சரியாகலைன்னா வேற ஆளு வச்சுக்கிறேன், கோவிச்சுக்காதீங்க."

"கண்ண மூடிக்கிட்டே எட்டு மில்லிக் காயா ஏழு மில்லியான்னு சொல்லிருவேன்" என்றாள் கமர்நிசா, வீட்டுக்கு வந்து. "இதை விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக?"

மாதம் முடியப் பதினைந்து நாள் இருக்கையில், மலைத் தோட்டங்களுக்குப் போகும் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தது. புதன் முதல் சனி வரை ஒரு வண்டியும் மேலே போகவில்லை. கடையில் முன்பே வந்த காய் மலையாகக் கிடந்தது. கமர்நிசா நான்கு நாளும் போய், இருட்டும்வரை அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து பொறுக்கினாள். நான்கு நாளும் மூச்சு இழுக்கவில்லை.

"டாக்டர் சொன்ன தூசி எங்க போச்சாம்?" என்று சிரித்தாள்.

ராஜா முகம்மது சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு விடுவது ஏலக்காய்க் கடை மட்டுமல்ல, தோட்டங்களும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர்கள் வீடு பட்டறைக்கு மேலே, மாடியில். சன்னலுக்குக் கீழே ஜீப்பு ஸ்டாண்டு. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் இருபத்திரண்டு ஜீப்புகள் விடியற்காலை நான்கரைக்கு அங்கே வந்து நிற்கும். ஆள் நிறையும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார்கள். பழைய பேட்டரி, அணைத்தால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நின்றுவிடாமல் இருக்க ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் மலையிலிருந்து குளிர்காற்று இறங்கித் தெருவின் அடியில் தேங்கி நிற்கும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு என்பதால், மூடி போட்ட சட்டி மாதிரி, புகை மாடி உயரத்தைத் தாண்டி மேலே போக வழியில்லை. வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். சன்னலோ இரவெல்லாம் திறந்தே கிடக்கும்.

திங்கட்கிழமை பாதை திறந்தது. கமர்நிசா துவைத்துச் சன்னல் கம்பியில் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டி அதுவரை வெள்ளையாகவே இருந்தது. அன்று ஏழு மணிக்கு அதன் மடிப்பில் கறுப்புக் கோடு. ராஜா முகம்மது பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுப்பில்லாத, பவுடர் போன்ற கரி. முப்பது வருடமாகச் சைலன்சர் குழாய்களுக்குள் அவர் விரல் விட்டுத் துடைக்கும் அதே கரி. உள்ளே கமர்நிசா இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கரி ஏன் வருகிறது என்பது போடியில் அவரைவிட யாருக்குத் தெரியும்? ஒரு சொட்டு டீசல் முழுதாக எரிய இவ்வளவு காற்று என்று அளவு உண்டு. டீசல் கூடினால் மிச்சம் கரியாகிவிடும். டீசல் பம்பில் அந்த அளவை வைக்க ஒரு திருகு இருக்கிறது. பத்துப் பேர் வண்டியில் இருபது பேரோடு கொண்டை ஊசி வளைவில் ஏற வேண்டுமென்று டிரைவர்கள் அந்தத் திருகைக் கூட்டச் சொல்வார்கள். அவர் கூட்டுவார். 'ராஜா பாய் கை வச்சா புகை வரும், புகை வந்தா இழுவை வரும்' என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னவரே அவர்தான். அந்தக் கரி மூக்கு மயிரில் நிற்காத அளவுக்கு நுண்ணியது என்பதும், நெஞ்சின் சின்னக் குழாய்கள் வரை போய் அவற்றை வீங்கிச் சுருங்க வைக்கும் என்பதும் மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே டிரைவர் தவசியைப் பிடித்தார். "தவசி, வண்டியக் கொண்டா. அரைச் சுத்து குறைச்சு விடுறேன்."

"எதுக்கு பாய்?"

"புகை ஆகலைப்பா. என் வீட்டுல மூச்சு இழுக்குது."

"எனக்கும்தான் ஆறு மாசமா இருமுது. அதுக்காக வண்டிய உருட்டிக்கிட்டா போவேன்? குறைச்சா பன்னெண்டு பேரோட நின்னுரும். மிச்ச எட்டுப் பேர உங்க முதுகுலயா ஏத்திக்கிட்டுப் போறது?"

"ஆள் ஏறும்போதாவது அணைச்சு வையி."

"பேட்டரி புதுசு மாட்டிக் குடுங்க, அணைக்கிறேன்." தவசி சிரித்தான். "கூட்டி வச்சது நீங்கதான பாய்? நீங்க குறைச்சா, சாயங்காலமே பைபாஸ்ல ஒருத்தன் கூட்டி விட்ருவான்."

அப்படியே நடந்தது. அவர் முகத்துக்காக மூன்று டிரைவர்கள் குறைத்துக்கொண்டார்கள். மூன்றே நாளில் மூன்று வண்டியும் பழையபடி கறுப்பாகக் கக்கின. அவற்றில் இரண்டுக்கு, கெஞ்சல் தாங்காமல், திருகைத் திரும்பக் கூட்டி விட்டவர் ராஜா முகம்மதுதான்.

சன்னலைச் சாத்திப் பார்த்தார்கள். கரி ஓட்டு இடுக்கில் இறங்கியது. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

"ராசிங்காபுரத்துல தங்கச்சி வீடு இருக்குல்ல" என்றாள் கமர்நிசா. "வயக்காட்டுப் பக்கம். அங்க போய்ப் படுத்துக்கிறேன்."

"அப்ப நான்?"

"நீங்க திருகைத் திருகுங்க."

இப்போது கமர்நிசா ராசிங்காபுரத்தில் படுக்கிறாள். ஜீப்புகள் மலையேறிப் புகை கலைந்த பிறகு, ஒன்பது மணி பஸ்சில் வந்து விஜயகுமார் கடையில் காய் பொறுக்குகிறாள். அவை இறங்குமுன், நாலு மணி பஸ்சில் திரும்பிவிடுகிறாள். தன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சாயங்காலம் போகிறாள். மூச்சு இழுப்பதில்லை.