அரசன் படத்துக்குக் கீழே

இவர்கள் சிரித்து முடிக்கட்டும். அதற்குப் பிறகும் நான் இங்கேதான் நிற்பேன். நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். கால் என்ன செய்யுமோ தெரியாது.

தொழிற்சாலைக் கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்த அரசன் படத்துக்குக் கீழே இப்படி நினைத்தபடி நின்றாள் சந்திரமதி. பக்கத்தில் தாய், பயணி, கோமாளி படங்கள். பயிற்சி கொடுக்க வந்த ஜெயசங்கர் மலாயும் தமிழும் கலந்து நன்றாகத்தான் பேசியிருந்தார். இந்த வடிவங்கள் எல்லார் மனதுக்குள்ளும் இருக்கின்றன, ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வெளிப்படுகின்றன என்றார். வெளியிலிருந்து பார்த்துவிட்டு இவர் இப்படித்தான் என்று முடிவு கட்டுவது வேறு. அது பெட்டிமேல் ஒட்டும் லேபிள் மாதிரி என்றார். கேட்டபோது அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. உங்களுக்குள் எது இருக்கிறதோ அதன் கீழே போய் நில்லுங்கள் என்றதும் முதலில் எழுந்தவள் அவள்தான்.

சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. அதற்கு ஆள் பார்க்கத்தான் மேனேஜர் லோகேஸ்வரன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, அம்மா படம் அந்தப் பக்கம். இது ராஜா லா," என்றான் விஜயன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் அரசனுக்குக் கீழேதான் நின்றான். அவனுக்கு வேலை பழக்கியவள் அவள்.

எல்லாருக்கும் அவள் அக்கா. காய்ச்சல் என்று வந்தால் பனடோல் மாத்திரை கொடுப்பாள், அழுதால் மைலோ கலக்கித் தருவாள். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆள் எழுந்து போனால் உற்பத்தி லைன் படுத்துவிடும், அதனால் கொடுத்தாள். யாரை எங்கே உட்கார வைக்கலாம், யாரை யாரிடமிருந்து பிரிக்கலாம் என்று அவள் மனம் சதா ஏற்பாடு செய்துகொண்டே இருக்கும். அதில் கிடைத்த இன்பத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாசம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கையால்தான் நடந்தன. பார்ப்பவர்கள் ஒன்றைத்தான் பார்த்தார்கள்.

லோகேஸ்வரன் போட்டோ எடுக்கக் கைப்பேசியோடு வந்தார். தாய் படத்தின் கீழே ஆளே இல்லை.

"அக்கா, இந்த பேக்டரிக்கே நீங்கதானே அம்மா. அங்க போய் நில்லுங்க."

அவர் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் அவளை உடைத்தது. ஏளனமாக இருந்தால் எதிர்த்து நிற்கலாம். அவள் ஜெயசங்கரைப் பார்த்தாள். அவர் கேட்டதுமே எழுந்து வந்தவளாயிற்றே.

ஜெயசங்கர் சங்கடமாகச் சிரித்தார். "போட்டோவுக்குத்தானேம்மா."

லோகேஸ்வரனின் கை அதற்குள் விஜயன் தோளில் விழுந்திருந்தது. கொஞ்சம் நடுவில் வந்து நில் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நகர்ந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை அவனுக்குத்தான் என்று சந்திரமதிக்கு விளங்கியது. இந்த இடத்தில் இனி அவள் அக்காவாகவே வயதாவாள்.

"போங்கக்கா," என்றார் லோகேஸ்வரன் மறுபடியும்.

"இல்ல சார்," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் போகல."