வெயிலில் தெரியும் திரை

விமானத்துக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி வாங்குகிறவர்கள் அதை வெயிலில் பார்த்துத்தான் வாங்குவார்கள். விமானியும் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பறக்கும்போது கட்டிக்கொள்வதுபோல ஒவ்வொன்றாகப் பட்டையால் தொடையில் கட்டிப் பார்த்தார். ஒன்றில் எழுத்து பொடியாம், இன்னொன்று கண் கூசுகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மங்கிப்போன கண்ணை வீட்டிலும் வேலையிலும் இப்படித்தான் மறைத்து வந்தார். தான் ஓட்டும் குட்டி விமானத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய திரையைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்.

"ஆங், இது பளிச்சுனு இருக்கு. ஓடுபாதைகூடத் தெளிவாத் தெரியுது. இதையே பேக் பண்ணுங்க."

கடைக்காரர் நகரவில்லை.

"அண்ணே, அதை நான் இன்னும் ஆன் பண்ணவே இல்ல."

பட்டையை அவிழ்க்கக் குனிந்தார் விமானி. அதன் முனையும் அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.