வலிக்காத நாய்

கால்நடை மருத்துவமனையில் எனக்கு ‘உடும்பு’ என்று பெயர். டாக்டர் ஊசி போடும்போது நாய், பூனைகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். எப்பேர்ப்பட்ட கொம்பன் நாயாக இருந்தாலும் இரும்பு மேசையில் ஏற்றி, கழுத்தில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து, “ஏய்!” என்று ஓர் அதட்டுப் போட்டால் போதும். அப்படியே நின்றுவிடும். கூட்டிவந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

“வீட்டுல யார் பேச்சையும் கேக்காதுங்க. உங்களைப் பாத்ததும் பெட்டிப்பாம்பா அடங்கிடுச்சே!”

அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

வீட்டிலும் அதே கதைதான். நான் குரலை உயர்த்தினால் என் மனைவி மறுபேச்சுப் பேசமாட்டாள். கடைக்குப் போனவள் திரும்பி வர அரைமணி பிந்தினால்கூட, வாசலிலேயே நிறுத்தி வைத்துத் தெருவே கேட்கக் கத்துவேன். அவள் பையோடு தலைகுனிந்து நிற்பாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். கத்துகிறவன் நான் ஒருவன்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

ஒருநாள் தையல்கடைக்காரர் ஒருவர் தன் செவலை நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, என் வயதில் பாதி. அடுத்த அறையில் ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர், “அண்ணா, வயித்தை அமுக்கிப் பாருங்க. வலி இருக்கான்னு சொல்லுங்க” என்று குரல் கொடுத்தார்.

நான் அதட்டினேன், பிடித்தேன், அமுக்கினேன். நாய் முனகவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். வெறும் அஜீரணம்தான்.”

மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டோம். மறுநாள் காலையில் தையல்காரர் அதன் உடலைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது குடலை அடைத்துக்கொண்டு ஒரு முழ நீளத்துக்கு நாடா கிடந்தது. அவர் கடையில் பாவாடைக்குக் கோர்க்கிற நாடா.

“மெஷினை மிதிக்கறப்ப என் பாதத்து மேலதான் தலையை வெச்சுப் படுத்திருக்கும்” என்றார் அவர். எங்களை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று மத்தியானம் காதில் சீழ் பிடித்த ஒரு நாயைப் பார்த்தோம். என் பிடியில் அதுவும் சிலைபோல நின்றது. காதைத் தொட்டபோதும் சத்தமில்லை. நான் அதை இறக்கிவிட்டதும் டாக்டரம்மா, “அண்ணா, மேசையைப் பாருங்க” என்றார்.

மேசை மேல் நான்கு பாதத்தின் ஈரத் தடம் இருந்தது.

“மூத்திரமா?” என்றேன்.

“வேர்வை. நாய்க்கு உள்ளங்கால்லதான் வேர்க்கும். பயந்தா இன்னும் ஊறும். உங்க கையில அது அமைதியா இல்லண்ணா, பயத்துல உறைஞ்சு போயிருக்கு. அவ்வளவு பயந்த மிருகம் வலியைக்கூட வெளிய காட்டாது. நேத்து நான் வந்து பாத்திருக்கணும். என் தப்புதான்.”

எனக்குச் சுருக்கென்றது. “பத்தொன்பது வருஷமா நான் என்ன புல்லா பிடுங்கிட்டிருந்தேன்?” என்று எகிறினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. “கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றார்.

நின்றேன். உள்ளே அவர் அதே நாயோடு ஏதோ கொஞ்சிப் பேசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது வீலென்று கத்தியது. அதே காதுதான். நான் அங்கே இல்லாததால் அதற்கு வலித்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, வண்டிச் சத்தம் கேட்டுச் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. தினமும் அப்படித்தான் நிற்கும் போல. அன்றுதான் என் காதில் விழுந்தது. அவள் சமையல் மேடையில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். சில மாதமாகவே அவள் அப்படிச் சாய்ந்து நிற்கிறாள். ஒருமுறை, “என்ன, வயித்து வலியா? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!” என்று கேட்டிருக்கிறேன். “வாயுத் தொல்லைங்க” என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது எனக்குத் தெரிந்த மிக மெதுவான குரலில் கேட்டேன். “வலிக்குதா?”

“இல்லைங்க.”

கையை எடுத்தாள். மேடை மேல் ஐந்து விரலும் உள்ளங்கையும் ஈரமாகப் பதிந்திருந்தன.

மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழுக்கைத்தலை டாக்டர் எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாளா, லேசா” என்றாள். அவர் வயிற்றை அமுக்கினார். அவள் உதட்டைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். “வலிக்கலை டாக்டர்.”

“ஒரு நிமிஷம் டாக்டர்” என்றேன் நான். “நான் வெளிய போயிடறேன். அதுக்கப்புறம் அமுக்கிப் பாருங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

“அம்மா!”

இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்காத குரல் அது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“எத்தனை நாளாம்மா இப்படி?” என்று டாக்டர் கேட்டது மரக்கதவு வழியாகத் தெளிவாகவே கேட்டது.

“எட்டு மாசமாச்சு டாக்டர்.”

“வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொல்லலை? அடிப்பாரா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல. சொன்னா பயந்துடுவார். பயந்தா கத்துவார். கத்திட்டு சாப்பிடாம சுவரைப் பாத்துப் படுத்துக்குவார். எனக்கு அதைப் பாக்க முடியாது டாக்டர்.”

நான் கத்துவது பயத்தில்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. தெருவே கேட்க வாசலில் நின்று கத்தினேனே, அவளுக்கு என்ன ஆனதோ என்று அந்த அரைமணியும் நான் பட்ட பாட்டை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். தையல்காரரிடம் டாக்டரம்மா வைத்துக்கொண்டிருந்த அதே முகத்தை இவரும் வைத்துக்கொண்டிருந்தார். “எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா நிறைய செஞ்சிருக்கலாம்” என்றார். இனி என்ன செய்யமுடியும் என்பதையும் சொன்னார். அது அதிகமில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் கட்டிலில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்ப வலிக்கலைங்க” என்றாள்.

பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட நினைத்தேன். என் கையைப் பார்த்தேன். பிறகு, “நான் வெளிய இருக்கேன்மா. நீ அழு” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அவள் அழ ஆரம்பித்தாள். அழுது முடிக்கும்வரை நான் வெளியிலேயே நின்றேன்.